‘பொறுப்புள்ள மனிதர்கள்’ இருவர் தேவை

மத்திய அரசு வேலைக்குத் தேர்வாகிற எவருக்கும் ஒரு படிவம் வரும். ‘அட்டெஸ்டேஷன் ஃபார்ம்’ என்பார்கள். பிறந்த இடம், படித்த பள்ளி, அப்பன் பெயர், அப்பன் தொழில், ஏதாவது கேசில் கைதானதுண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து ஓரிடத்தில் இப்படிக் கேட்கும்: உன் வட்டாரத்தைச் சேர்ந்த பொறுப்புள்ள மனிதர்கள் இருவரின் பெயர், அல்லது உன்னைத் தெரிந்த இருவரின் பெயர். அந்த வரியில் சாதி பற்றி ஒரு எழுத்து கிடையாது. ஆனாலும் நம் பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் பேனாவை மூடிவிட்டு எழுந்து ஊருக்குள் போகிறார்கள். ரைஸ்மில் முதலாளி, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சொசைட்டித் தலைவர். யார் வீட்டுத் திண்ணையில் நாம் உட்கார முடியாதோ அவர்கள் எல்லாம் நமக்குப் ‘பொறுப்புள்ள மனிதர்கள்’.

நான் கேக்கறேன், நம்ம தெருவுல பொறுப்பில்லாதவன் எவன்? முனிசிபாலிட்டியில் இருபத்தெட்டு வருசம், விடியறதுக்கு முன்னாலே போய் மஸ்டர்ல கைநாட்டு வைச்ச பெரிப்பா பொறுப்பில்லாதவரா? அவர் நாலு நாள் படுத்துட்டா டவுனே மூக்கைப் பொத்திக்கும். சத்துணவுக் கூடத்தில் நூத்திருபது பிள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்ட அக்கா பொறுப்பில்லாதவங்களா? அவங்க ஆக்கினதைச் சாப்பிட மாட்டோம்னு தட்டைத் தூக்கிக்கிட்டுப் போனவன்தான் பொறுப்புள்ளவனா? படிவத்தில் ‘அல்லது’ என்று ஒரு சொல் இருக்கிறது. உன்னைத் தெரிந்த இருவர் போதும் என்கிறது. அந்த ‘அல்லது’வை நமக்கு எவரும் படித்துக் காட்டவில்லை. நாமும் அதைத் தாண்டித்தான் ஊருக்குள் போனோம்.

போய் வாங்கி வந்தால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. அந்தப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போலீஸ் விசாரணை வரும். ஏட்டையா சைக்கிளிலோ வண்டியிலோ வந்து நிற்கும் இடம் ஊர் டீக்கடை. “காலனியில இன்னார் மவன், ஆளு எப்படி?” என்பார். அங்கே ரைஸ்மில்காரர், “பையன் நல்ல பையன்தான். கொஞ்சம் சங்கம் கிங்கம்னு சுத்துவான்” என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார். பொய்யில்லை. திட்டவும் இல்லை. அம்பேத்கர் படத்துக்கு மாலை போட்டது, சுடுகாட்டுப் பாதைக்கு மனு எழுதிக் கொடுத்தது எல்லாம் அந்தக் ‘கிங்கம்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஏட்டையாவின் குறிப்பில் அது என்னவாக ஏறும் என்று எவருக்குத் தெரியும்?

இதை நான் எழுதுவது அரசு வேலைக்காக மட்டுமல்ல. அரசு வேலை சுருங்கிக்கொண்டே போகிறது. நம் பிள்ளைகள் போய் நிற்கிற இடங்கள் இன்று கம்பெனிகள், தனியார் ஆஸ்பத்திரிகள், தனியார் கல்லூரிகள். அங்கே இட ஒதுக்கீடு கிடையாது. ஆனால் ‘ரெஃபரன்ஸ்’ உண்டு. இரண்டு பெயர், மூன்று பெயர், போன் நம்பரோடு. அதை ஏதோ சம்பிரதாயம் என்று கடைசி நிமிடத்தில் வாய்க்கு வந்த பெயரை எழுதிவிட்டு வருகிறார்கள். நேர்காணல் அந்தக் கட்டத்திலேயே தொடங்கிவிட்டது என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

நம்மிடம் ரெஃபரன்ஸ் கேட்காத வேலைகளும் இருக்கத்தான் செய்தன. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் கங்காணி ஆள் பிடித்தபோது எவனும் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கவில்லை. கடனை மட்டும் தலையில் கட்டிக் கப்பலேற்றினான். கோலார் தங்க வயலில் பாதாளத்துக்குள் இறங்க வட ஆற்காட்டிலிருந்து நம்மாளுங்க போனபோது, “உன்னைத் தெரிந்த பெரிய மனிதர் இருவர் யார்” என்று எவனும் கேட்கவில்லை. அந்தச் சுரங்கம் 2001ல் மூடப்படும் வரை கேட்கவில்லை. தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் நிற்கக் கேட்கவில்லை. கையால் மலம் அள்ள ஆளை வைக்கக் கூடாது என்று 1993ல் ஒரு சட்டம், மலக்குழிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று 2013ல் இன்னொரு சட்டம். இன்னும் இறங்கிச் சாகிறான். அவனிடம் எந்தக் கான்ட்ராக்டரும் பயோடேட்டா கேட்டதில்லை. நாற்காலி என்று ஒன்று போட்டதும்தான் “உன்னைப் பத்தி யாரைக் கேக்கலாம்?” என்கிறான்.

சிபாரிசுக்கு ஒரு சரித்திரம் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதிகாரிகளை அதன் டைரக்டர்கள்தான் நியமித்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி மகன், நண்பன் மகன் என்று ஆளுக்கொரு பையனைப் பெயர் சொல்லி அனுப்புவார்கள். இந்த அசிங்கம் தாங்காமல் 1854ல் மெக்காலே குழு அறிக்கை கொடுத்தது, 1855ல் லண்டனில் போட்டித் தேர்வு வந்தது. வெள்ளைக்காரன் தன் சொந்த இனத்துக்குள்ளேயே சிபாரிசை நம்ப முடியாமல் கொண்டுவந்ததுதான் பரீட்சை. நம் மாகாணத்தில் 1921ல் வகுப்புவாரி ஆணை, 1924ல் பணியாளர் தேர்வு வாரியம், 1929ல் சர்வீஸ் கமிஷன். எந்த மாகாணத்துக்கும் முன்னால் இங்கேதான் சர்வீஸ் கமிஷன் வந்தது என்று பெருமை பேசுவார்கள். பேசட்டும். அதுவரை ஆபீஸ் ஆபீஸாக ஒரே தெருவிலிருந்து மாமனும் மருமகனும் உட்கார்ந்திருந்ததால்தான் அது தேவைப்பட்டது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். பார்ப்பனர் விட்ட இடத்தில் யார் உட்கார்ந்தார்கள், நமக்கு எத்தனை வந்தது என்பது வேறு கணக்கு. எம்.சி.ராஜா 1923லேயே நீதிக்கட்சியை விட்டு ஏன் வெளியேறினார் என்று தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

கிராமத்திலும் இதே கதைதான். மணியக்காரரும் கர்ணமும் பரம்பரைப் பதவி. எழுத்தும் முத்திரையும் அவர்கள் வீட்டுத் திண்ணையில். ஆண்டே, ஆண்டே என்று நம் பாட்டன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றது அந்த ஒரு கையெழுத்துக்குத்தான். 1980ல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவியை ஒழித்தது. 2014க்குப் பிறகு சர்டிபிகேட் நகலில் பச்சை மையும் வேண்டாம், நீயே கையெழுத்துப் போடு என்று மத்திய அரசு சொன்னது. அரசாங்கம் இப்படி ஒவ்வொரு திண்ணையாக இடித்துக்கொண்டு வந்தபோது, தனியார் முதலாளி குளிர்சாதன அறைக்குள் புதிதாக ஒரு திண்ணை கட்டிவிட்டான். கம்பெனியில் ஏற்கெனவே இருப்பவன் தனக்குத் தெரிந்தவனைக் கொண்டுவந்து சேர்த்தால் ‘ரெஃபரல் போனஸ்’ என்று பணம் கொடுக்கிறான். தெரிந்தவன் என்றால் யார்? கூடப் படித்தவன், அக்ரகாரத்து நண்பன், சங்கத்துக்காரன், மச்சான். பிறப்பால் வந்த சொந்தத்துக்குப் போனஸ். இதைச் செய்கிறவன்தான் நம்மைப் பார்த்துத் ‘தகுதி திறமை’ என்கிறான். தகுதியாம், மயிராம்.

ஆதாரம் இல்லாமல் பேசவில்லை. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரு சோதனை செய்து 2007 அக்டோபரில் ‘எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி’யில் எழுதினார்கள். ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த 548 வேலை விளம்பரங்களுக்கு, 66 வாரம், 4808 விண்ணப்பங்கள். படிப்பு ஒன்று, தகுதி ஒன்று, பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பை ஒன்று என்று வைத்தால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேதரின் நியூமனும் மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசியதை எழுதியிருந்தார்கள். சாதியெல்லாம் பார்ப்பதில்லை, ‘குடும்பப் பின்னணி’ பார்ப்போம் என்றுதான் மேலாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். எவ்வளவு நாகரிகமான சொல் பாருங்கள்!

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி வால் இல்லையே, இங்கே அதெல்லாம் நடக்காதே என்று திராவிடத் தோழர்கள் மார் தட்டுவார்கள். வாலை அறுத்தது நல்லதுதான், நான் மறுக்கவில்லை. வால் இல்லாத இடத்தில் மோப்பம் பிடிக்கிறான், அதைச் சொல்கிறேன். “சொந்த ஊரு எது? ஊருல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாரு?” விலாசத்தில் ‘காலனி’ என்றிருந்தால் கேள்வியே வேண்டாம். அதிலும் பிடிபடாவிட்டால் ரெஃபரன்ஸ் கட்டத்தைப் பார்க்கிறான். அங்கே அவனுக்குத் தெரிந்த பெயர், அவன் வட்டத்துப் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் நீ யாரோ.

சரி, பெரிய பெயரையே வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு என் கதையில் ஒரு பகுதியைச் சொல்கிறேன். நான் ஆராய்ச்சி முடித்து வேலை தேடிய காலம். என் நெறியாளர் துறையில் பெரிய பெயர். அவர் கடிதம் ஒட்டிய உறைக்குள் போகும், நான் பார்க்க முடியாது. ஒரு தனியார் கல்லூரியில் செயலாளர் அதை என் முன்னாலேயே பிரித்து வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “ரொம்பப் பின்தங்கின குடும்பம், அடக்கமான பையன், சொன்ன வேலையைச் செய்வாருன்னு எழுதியிருக்காரே. ஹாஸ்டல்ல வார்டனுக்கு உதவியா ஒரு ஆள் தேவைப்படுது, இருக்கீங்களா?” அய்ந்து வருசம் நான் செய்த ஆராய்ச்சி பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. என்னோடு ஒரே மேசையில் வேலை செய்த இன்னொருவர், நெறியாளரின் சொந்தக்காரர் இல்லை, சொந்தச் சாதிக்காரர். அவர் தன் கடிதத்தை எனக்குக் காட்டினார். ‘கூர்மையான ஆய்வு மனம்’, ‘சுயமாகச் சிந்திப்பவர்’, ‘எந்தத் துறைக்கும் சொத்து’. எனக்குப் பணிவு, அவருக்கு மூளை.

அந்த நெறியாளர் கெட்டவரா? என்னைத் திட்டியதில்லை. தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தவர். நமக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் ‘பணிவு’ என்று எழுதியிருப்பார். நம்மிடம் அவர்கள் காணக்கூடிய ஆக உயர்ந்த குணம் அதுதான். ‘பணிவு’ என்றால் எதிர்த்துப் பேச மாட்டான். ‘உண்மையானவன்’ என்றால் திருட மாட்டான். ‘கடின உழைப்பாளி’ என்றால் மூளை கொஞ்சம் மட்டு. ‘கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர்’ என்றால் எந்தச் சாதி என்பதைக் கோடு போட்டுக் காட்டியாச்சு. திட்டினால் வழக்குப் போடலாம். இப்படிப் புகழ்ந்தால் என்ன செய்வது? பெண்களுக்கும் இதே கதி. பிரான்சிஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இருவர் அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் வந்துசேர்ந்த முந்நூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை எடுத்துப் பார்த்து 2003ல் எழுதினார்கள். பெண்களுக்கு எழுதிய கடிதங்கள் குட்டையாக இருந்தன, சந்தேகத்தைக் கிளப்பும் சொற்கள் கூடுதலாக இருந்தன. அங்கே பெண். இங்கே நாம். நம் பெண்கள் இரண்டு கடிதத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள்.

ஆகவே தம்பிகளே, தங்கச்சிகளே, பெரிய பெயர் வேண்டாம். உன் வேலையைக் கண்ணால் பார்த்தவர் வேண்டும். இதுதான் முதலும் முக்கியமும். எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, லேப் டெக்னீஷியன் படித்தவள். சென்னையில் பெரிய ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டாள். கல்லூரி முதல்வர் பெயரைப் போடட்டுமா என்று என்னிடம் வந்தாள். “முதல்வருக்கு உன் மூஞ்சி தெரியுமாம்மா?” என்றேன். “ஆண்டு விழாவுல பார்த்திருப்பாரு சார்” என்றாள். எட்டு மாதம் ராத்திரி ஷிப்டில் ஒரு சின்ன லேபில் அவள் வேலை பார்த்திருந்தாள். அங்கே சூப்பர்வைசராக இருந்த அம்மா பத்தாவதுக்கு மேல் அனுபவத்தில் வந்தவர், இங்கிலீஷ் அவ்வளவு வராது. அவர் பெயரைப் போடச் சொன்னேன். போன் வந்தபோது அந்த அம்மா சொன்னதை அந்தப் பெண் பிற்பாடு என்னிடம் சொன்னாள்: “ரத்தம் எடுக்கறப்ப குழந்தை அழாதுங்க. சாம்பிள் மாறினதே இல்ல. ராத்திரி மூணு மணிக்கு மெஷின் நின்னு போச்சு, என்னை எழுப்பாம கையாலயே செல் எண்ணி ரிப்போர்ட் குடுத்துட்டா.” எந்த முதல்வரால் இதைச் சொல்ல முடியும்?

அம்பேத்கருக்கும் ஒருவர் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. பம்பாயில் சர்னி ரோடு தோட்டத்தில் ஒரு பையன் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருப்பதைக் கிருஷ்ணாஜி அர்ஜுன் கெலுஸ்கர் என்ற ஆசிரியர் பார்க்கிறார். புத்தகம் கொடுக்கிறார். பிறகு அவர்தான் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் பையனைப் பற்றிச் சொல்லி, மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கிறது. கொலம்பியாவில் பாபாசாகேப் எழுதியதை வாசித்துத் திருத்திய பேராசிரியர் செலிக்மன் லண்டனில் இருக்கும் பேராசிரியருக்குக் கடிதம் எழுதுகிறார். இரண்டு பேரும் பார்த்தது அவர் படிப்பை, அவர் எழுத்தை. ‘பணிவான மகர் பையன்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால் பரோடாவில் குமாஸ்தா வேலை வாங்கியிருக்கலாம். ஆனால் சான்றிதழும் கடிதமும் வாசல் வரைக்கும்தான். அதே பாபாசாகேப் 1918ல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோது, தண்ணீர்ப் பானையைத் தொடக் கூடாது என்று கூட வேலை பார்த்த பேராசிரியர்கள் சொன்னார்கள். அதற்கு எவர் ரெஃபரன்ஸ் உதவும்?

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. “சார், ஒரு ரெஃபரன்ஸ் குடுப்பீங்களா?” என்று தலையைச் சொறியாதே. கேட்டால் எவனும் இல்லை என்று சொல்ல மாட்டான், அப்புறம் உள்ளே என்ன எழுதுவானோ. “நான் செஞ்ச வேலையைப் பத்தி நல்லபடியா, தயக்கமில்லாம உங்களால எழுத முடியுமா?” என்று நேராகக் கேள். கேட்டுவிட்டு மூஞ்சியைப் பார். ஒரு நொடி யோசித்தால், மேசை மேல் காகிதத்தை அடுக்க ஆரம்பித்தால், “பரவால்லீங்க சார், உங்களுக்கு வேலை அதிகம்” என்று கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. அது நட்டமில்லை, தப்பித்தல். ஒத்துக்கொண்டால் வெறுங்கையோடு விடாதே. பயோடேட்டா, வேலை விளம்பரம், அவர் பார்வையில் நீ செய்த மூன்று நான்கு காரியங்கள் எந்த மாதம் எந்த வருசம் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடு. மனுசன் மறப்பான். அந்தத் தாள் மறக்காது, ‘பணிவு’ என்று எழுதப் போகிற பேனாவை அது கொஞ்சம் தடுக்கவும் செய்யும். ஒவ்வொரு தடவையும் பெயரைப் போடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போடு. போன வருசம் ஒத்துக்கொண்டாரே என்று இந்த வருசமும் சொல்லாமல் போட்டால், அவர் பஸ்ஸில் தொங்கும்போது போன் வரும். இப்போது வேலை பார்க்கும் இடத்து முதலாளிக்குத் தெரியாமல் வேறு வேலை தேடுகிறாய் என்றால் அவர் பெயரைப் போடாதே. அதற்கு முந்தின இடத்து ஆளைப் போடு. மாமா, சித்தப்பா எல்லாம் கூடாது, செல்லாது. இயக்கத் தலைவரின் லெட்டர் பேடும் வேண்டாம். அது போலீஸ் ஸ்டேஷனுக்கு உதவும், கம்பெனிக்கு உதவாது. கிறித்துவ நிறுவனங்களில் பங்குச் சாமியார் கடிதம் கேட்பார்கள். அந்தச் சாமியார் எந்தத் தெருவிலிருந்து வந்தவர், கல்லறைத் தோட்டத்தில் நமக்கு எந்தப் பக்கம் இடம் கொடுக்கிறார் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

இனி நம்ம ஆபீசர்களுக்கு. இதைச் சொல்லாமல் ஊரை மட்டும் திட்டிக்கொண்டிருப்பது யோக்கியமில்லை.

பாபாசாகேப் வாங்கிக் கொடுத்த சரத்தால் நாற்காலியில் உட்கார்ந்து, பேனாவில் பச்சை மை நிரப்பி வைத்திருக்கிற நம்மவர்கள் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள்? தமிழ்நாட்டு அரசுப் பணிக்குத் தேர்வானவர்கள் ஏ பிரிவு அல்லது பி பிரிவு அதிகாரியிடம் நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். எங்கள் தெருப் பையன் ஒருவன், சொந்தக்காரர் மாதிரிப் பழகின அதிகாரி வீட்டுக்குப் போய் நின்றான். அவர், “தம்பி, நான் போட்டா ரெண்டு பேரும் ஒரே ஆளுங்கன்னு தெரிஞ்சிடும். வேற யாராவது பொதுவான ஆளாப் பாரேன்” என்றாராம். பொதுவான ஆள்! அவர் சாதிக்காரன் அவனுக்குப் போட்டால் அது பொது. நாம் நமக்குப் போட்டால் அது சாதி. இந்த அகராதியை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவர் குவார்ட்டர்ஸில் அம்பேத்கர் படம் உள் அறையில் இருக்கிறது, வாசல் அறையில் வேங்கடாசலபதி இருக்கிறார். பயம் எனக்குப் புரிகிறது. ஆபீசில் அவரை என்ன பாடு படுத்துகிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் அவர் பயத்துக்கு அந்தப் பையன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

இன்னொரு வகை உண்டு. எவன் வந்தாலும் போடுவார், வள்ளல். கூட்டத்தில் ஒருமுறை கைகுலுக்கியவன் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொல்லுவார். கம்பெனியிலிருந்து போன் வந்தால் “யாரு? ஞாபகம் வரலியே” என்பார். ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவரின் பெயரால் இப்படி ஒரு பையன் வேலையை இழந்தது எனக்குத் தெரியும். அவன் பொய் சொன்னதாக ஆகிவிட்டது. முன்னவர் போடாமல் கெடுத்தார், இவர் போட்டுக் கெடுத்தார்.

நீ கொடுக்காத பெயர்களையும் அவன் கேட்பான், அதையும் தெரிந்துகொள். நீ எழுதிக் கொடுத்த இருவரை விட்டுவிட்டு, நீ படித்த கல்லூரியில் படித்த தன் ஆளுக்குப் போன் போடுவான். “உங்க பேட்ச்தானே, ஆள் எப்படி?” அங்கே ஒரே பதில்: “கோட்டாவுல வந்தவன்.” அமெரிக்காவில் சிஸ்கோ கம்பெனி மீது 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறை போட்ட வழக்கில் இருந்த குற்றச்சாட்டு இதுதான்: ஒரு தலித் பொறியாளர் அய்.அய்.டி.யில் இட ஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்று அவரைப் படிக்கும் காலத்திலேயே அறிந்திருந்த மேலாளர் மற்றவர்களிடம் சொன்னார் என்பது. இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை 2023ல் அந்தத் துறையே விலக்கிக்கொண்டது. அது நீதிமன்ற விசயம். நான் கேட்பது, ஏழு கடல் தாண்டி இருபது வருசம் கழித்தும் நம்மைப் பற்றிச் சொல்ல ஒருவன் தயாராக இருக்கிறான் என்ற பயம் நம் பிள்ளைகளுக்கு ஏன் வருகிறது? அழைக்காமலே வந்து சாட்சி சொல்கிற ரெஃபரி அவன்.

ரகசியம் இருக்கிற வரைக்கும் இது நடக்கும். அரசு ஊழியர் மீது மேலதிகாரி எழுதும் ரகசியக் குறிப்பு இருந்ததே, அதைக் காட்டாமலே எத்தனை நம்மவர்களின் பதவி உயர்வை முடக்கினார்கள்! 2008ல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறிப்பில் எழுதும் எல்லாவற்றையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 1994லேயே பிரபுக்கள் சபை, பழைய முதலாளி அசட்டையாக எழுதிய நற்சான்றால் வேலை போனால் அவன் நட்டஈடு தர வேண்டியவன் என்று தீர்ப்புச் சொன்னது. இங்கே தனியார் கம்பெனிக்கு என் பெயரில் ஒருவன் எழுதுகிற கடிதத்தை நான் பார்க்க வழியில்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்டுப் போராடுகிற நம் இயக்கங்கள் இதையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் ரெஃபரன்ஸ் கேட்க வேண்டும். கேள்விகள் எழுத்தில் இருக்க வேண்டும், வேலையைப் பற்றி மட்டும் இருக்க வேண்டும். பதிலை விண்ணப்பித்தவருக்குக் காட்ட வேண்டும். அவர் கொடுக்காத பெயரிடம் கேட்கக் கூடாது. “அப்புறம் எப்படித்தான் ஆளை நம்பறது?” என்பான் முதலாளி. ஆறு மாதம் தகுதிகாண் பருவம் என்று எதற்கு வைத்திருக்கிறாய்? வேலையைக் கொடுத்துப் பார்.

அது வரும் வரை நாம் செய்யக்கூடியது இருக்கிறது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் எஸ்.சி., எஸ்.டி. ஊழியர் சங்கம் இருக்கிறது. டைரி அச்சடிக்கிறார்கள், வரவேற்பு விழா வைக்கிறார்கள். அதோடு ஒரு நோட்டுப் போடுங்கள். எந்த ஆபீசர், எந்த நர்ஸ், எந்த ஃபோர்மேன், எந்த ஆசிரியர் பிள்ளைகளின் வேலையைப் பார்த்துச் சான்று எழுதத் தயார் என்று அதில் பெயர் இருக்கட்டும். வேலையே பார்க்காத பிள்ளைக்கு எப்படி எழுதுவது என்றால், வரவழைத்து வேலை கொடுங்கள். கோடை விடுமுறையில் ரெண்டு மாசம் உங்கள் சங்கக் கணக்கை எழுதச் சொல்லுங்கள், நூலகத்தை அடுக்கச் சொல்லுங்கள், மாலை வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அப்புறம் பார்த்ததை எழுதுங்கள்.

நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதுகிறேன். எழுதுவதை அந்தப் பிள்ளைக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுகிறேன். போன மாதம் ஒரு பெண், “சார், ‘ஏழைக் குடும்பம்’ங்கறதை எடுத்துடுங்க” என்றாள். எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் அவள் எழுதிய மென்பொருளை எங்கள் தாலுகா நூலகம் எப்படிப் பயன்படுத்துகிறது என்று இரண்டு வரி வந்தது. வருகிறவர்கள் மார்க்‌ஷீட்டும் விளம்பரத்தின் நகலும் கொண்டு வாருங்கள். பத்து மணிக்கு முன்னால் வந்தால் நல்லது, அதற்கப்புறம் கரண்ட் போய்விடுகிறது.